கூடி உண்பதும் கூடி வேட்டையாடுவதும்: மிக்சோகாக்கஸ் குறித்து ஒரு மறுவாசிப்பு

மிக்சோகாக்கஸ் பேரினத்தைப் பற்றி யார் எழுதினாலும் ஓர் ஓநாய்க் கூட்டம் உடன் வந்துவிடுகிறது. மண்ணிலும் நன்னீரிலும் வாழும் இந்தப் பாக்டீரியாக்கள் தனித்து நின்று இரையை வீழ்த்த வல்லவை அல்ல, ஆயிரக்கணக்கில் திரண்டு நொதிகளைப் பொதுவில் சுரந்து, சேர்ந்தே கொன்று சேர்ந்தே உண்பவை என்பது அந்த உவமையின் உட்பொருள். உவமையாகத் தொடங்கியது இன்று விளக்கமாகவே கையாளப்படுகிறது. சான்று எங்கே என்று கேட்டால் விரல் நீளும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: யூஜின் ரோசன்பெர்க், கென்னத் கெல்லர், மார்ட்டின் டுவார்க்கின் மூவரும் 1977இல் வெளியிட்ட, கேசினில் மிக்சோகாக்கஸ் சாந்தஸ் வளர்வது பற்றிய கட்டுரை. அந்தச் சோதனையின் முடிவை நான் முழுமையாக ஏற்கிறேன். அதன்மேல் பின்னாளில் ஏற்றப்பட்ட பொருளைத்தான் ஏற்க முடியவில்லை.

சோதனை அழகானது. கேசின் பாலில் உள்ள புரதம். அதை அப்படியே உள்ளிழுக்கச் செல்லால் இயலாது, வெளியிலேயே துண்டாக்கியாக வேண்டும். கேசின் கலந்த திரவ ஊடகத்தில் செல்களை மிக அருகலாக விட்டால் வளர்ச்சி தென்படவில்லை. அடர்த்தி கூடக் கூட வளர்வேகமும் கூடியது. முன்கூட்டியே துண்டாக்கிய கேசினைக் கொடுத்தபோது அந்த வேறுபாடு மறைந்தது. செல்கள் பலவானாலும் சிலவானாலும் ஒரே வேகம். ஆகவே தடை இருந்தது உண்பதில் இல்லை, வெட்டுவதில். பலர் வெட்டினால்தான் எல்லாருக்கும் போதுமான துண்டுகள் கிடைக்கின்றன. இதுவரை மறுக்க ஒன்றுமில்லை.

ஆனால் இந்தக் குடுவைக்குள் இரை எங்கே இருக்கிறது? கொல்லப்பட வேண்டிய உயிர் ஒன்றும் அதில் இல்லை. வேட்டை பற்றிய கோட்பாட்டுக்கு அடித்தளமாக நிற்கும் சோதனையில் வேட்டையாடப்படுவது எதுவுமில்லை என்பதை இத்துறை எவ்வளவு எளிதாகக் கடந்து வந்திருக்கிறது என்பது எனக்கு உண்மையாகவே வியப்பளிக்கிறது.

கணக்கைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். ஒரு மில்லிலிட்டரில் 1,000 செல்கள் இருப்பதாகக் கொண்டால், ஒரு செல்லின் பங்குக்கு ஒரு மைக்ரோலிட்டர் திரவம். அதாவது 100 கோடி கன மைக்ரோமீட்டர். மிக்சோகாக்கஸ் செல் சுமார் 5 முதல் 10 மைக்ரோமீட்டர் நீளமும் அரை மைக்ரோமீட்டர் அகலமும் கொண்ட மெல்லிய கோல். அதன் பருமன் ஒன்றிரண்டு கன மைக்ரோமீட்டர்தான். தன்னைப்போல் பல கோடி மடங்கு பெரிய வெளியில் அது தன் நொதியை விடுகிறது. அடுத்த செல் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. விட்ட நொதியும் போய்விடும். அந்த நொதி வெட்டித் தந்த துண்டும் போய்விடும். இங்கே தனிச் செல் தோற்பதற்குக் காரணம் குடுவையின் வடிவம். அந்தத் தோல்வியைச் செல்லின் இயல்பாக எழுதிவைத்ததுதான் பிழை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது உண்மைதான். ஆனால் பதம் பார்க்கும் சோறு அந்தப் பானையிலிருந்தே எடுக்கப்பட்டிருக்க வேண்டும். மண்ணில் புரதம் சீராகக் கரைந்து பரவிக் கிடப்பதில்லை. அது மற்றொரு பாக்டீரியாவின் உறைக்குள் செறிந்து கிடக்கிறது. ஈ. கோலை செல்லின் உலர் எடையில் பாதிக்கு மேல் புரதம். அந்த உறையின்மேல் உடல் படிய நிற்கும் மிக்சோகாக்கஸுக்கும் அதன் உணவுக்கும் நடுவில் குடுவையின் வெட்டவெளி இல்லை.

நேரில் பார்த்தவை என்ன சொல்கின்றன? மக்பிரைடும் சுஸ்மனும் 1996இல், ஈ. கோலையின் நுண்திரள்களுக்கு இடையே விடப்பட்ட தனிச் செல்களின் நடத்தையை ஆராய்ந்தனர். தனிச் செல்கள் இரைத் திரளுக்குள் நுழைந்து அங்கேயே தங்கின. பின்னர் 2021இல் பிரெஞ்சு ஆய்வுக் குழு ஒன்று இன்னும் நுணுக்கமாகப் படம் பிடித்தது. அப்படங்களை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பவருக்கு விளக்கவுரை அதிகம் வேண்டியதில்லை. ஒளிரும் இரைச் செல்கள் பாய் விரித்தாற்போல் நெருங்கிக் கிடக்கின்றன. ஒரு மிக்சோகாக்கஸ் செல் சறுக்கியபடி உள்ளே வருகிறது. ஓர் இரையைத் தொட்டதும் நின்றுவிடுகிறது. சில நிமிடங்களில் தொட்ட அந்த இரையின் ஒளி அணைகிறது. பக்கத்து இரைக்கு ஒன்றும் ஆகவில்லை. வந்த செல் மீண்டும் நகர்ந்து அடுத்ததைத் தொடுகிறது. தொடும் புள்ளியில் கூடும் 'கில்' என்னும் புரதத் தொகுதியை நீக்கினால் இந்தக் கொலை நின்றுபோகிறது. இரைத் திரளுக்குள் புகத் தேவைப்படுவதும், ஹாட்கினும் கைசரும் 1979இல் பிரித்துக் காட்டிய இருவகை நகர்ச்சிகளில் தனிச் செல்லுக்குரிய வகைதான். கூட்டமாக நகரும் வகை அதற்கு இன்றியமையாதது அன்று.

நொதிகளைப் பொதுவில் கொட்டிக் கொல்வதாக இருந்தால் பக்கத்து இரைச் செல்லும் சாக வேண்டும். அது சாகவில்லை. இந்த ஒரு காட்சியே என்னைப் பொறுத்தவரை கூட்டுக் கொலை என்னும் கருத்தை அசைத்துவிடுகிறது.

இங்கே எழக்கூடிய வலுவான மறுப்பு ஒன்று உண்டு: கொல்வது வேறு, உண்பது வேறு. கொலை தனியாக நடந்தாலும், செத்த இரையின் புரதத்தைச் செரிக்கக் கூட்டம் தேவைப்படலாம். அப்படியானால் 1977இன் முடிவு அந்த இடத்தில் உயிரோடு இருக்கிறது. இதை நான் மதிக்கிறேன், ஓரளவு ஒப்புக்கொள்ளவும் செய்கிறேன். உடைந்த இரையின் உள்ளீடு கசியும்போது பல செல்கள் சூழ்ந்திருந்தால் வீணாவது குறையலாம். ஆனால் அதன் பெயர் கூட்டு வேட்டை ஆகாது. பந்தியில் பலர் வரிசையாக அமர்ந்து உண்பதால் அவர்கள் எல்லாரும் சேர்ந்து சமைத்தார்கள் என்று பொருளில்லை. பத்துச் செல்கள் பத்து மடங்கு கொல்கின்றன என்றால் அது வெறும் கூட்டல். கூட்டுறவு என்று சொல்ல, பத்துச் செல்கள் சேர்ந்தால் ஒவ்வொன்றின் பங்கும் தனித்திருந்தபோது கிடைத்ததைவிடக் கூட வேண்டும். உயிருள்ள இரையை வைத்து இந்த வேறுபாட்டை அளக்காமல், கேசின் குடுவையில் அளந்ததை அப்படியே எடுத்துவந்து பொருத்தியதுதான் நம் துறையின் பழக்கமாக இருந்துவந்திருக்கிறது.

வேறு சில மறுப்புகளுக்கு அதிக இடம் தரத் தேவையில்லை. இரையின்மேல் செல்கள் அலையலையாக நகர்வது கூட்டத்தின் ஒழுங்கைக் காட்டுகிறது. தனிச் செல்லின் இயலாமையைக் காட்டவில்லை. பட்டினியில் ஏறக்குறைய லட்சம் செல்கள் திரண்டு கனியுடல் எழுப்புவதை யாரும் மறுக்கவில்லை. உணவு தீர்ந்தபின் கூடுவதைக் கொண்டு உணவு இருக்கும்போது கூடியே உண்டன என்று முடிவு கட்ட முடியாது. 91 லட்சத்துக்கும் மேற்பட்ட இணை எழுத்துகள் கொண்ட பெரிய மரபணுத் தொகுதியையும் சிலர் சமூக வாழ்வுக்குச் சான்றாக்குகிறார்கள். அதன் அளவு வேட்டை முறையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

கூட்டம் உண்மையாகவே தேவைப்படும் இடம் ஒன்று உண்டென்றால் அது நீர். பர்ன்ஹாமும் உடனாய்வாளர்களும் 1981இல், பார்மிடியம் லூரிடம் என்னும் நீலப்பசும்பாசியை மிக்சோகாக்கஸ் சாந்தஸ் நீரில் எப்படி அழிக்கிறது என்று விவரித்தனர். செல்கள் பந்துபோல் திரண்டு பாசி இழைகளை உள்ளே சிக்கவைக்கின்றன. இழைகள் அந்தப் பந்துக்குள்ளேயே சிதைகின்றன. கூட்டு வேட்டைக்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்காது என்று எதிர்த்தரப்பு சொல்லலாம். எனக்கு இது வேறுவிதமாகப் படுகிறது. படிந்து நிற்க மேற்பரப்பு இல்லாத, நொதியும் துண்டும் கரைந்து போகிற 1977இன் குடுவை நிலைமை இயற்கையில் நேர்வது இங்கேதான். அங்கே பந்து ஒரு கலமாகிறது. வெளியேறும் பொருளை உள்ளேயே தேக்கி வைப்பது அதன் வேலை. ஆகவே 1977இன் கட்டுரையைக் குளத்து நீருக்கு உரிய கட்டுரையாக மீண்டும் படிக்கலாம் என்பது என் பரிந்துரை. அப்படிப் படிக்கும்போது அது இன்றும் நம்மிடம் உள்ள சிறந்த சான்றுகளில் ஒன்று.

மண்ணின் நிலை வேறு. மண்துகள்களின் மேற்பரப்பில் பாக்டீரியாக்கள் மூடியிருக்கும் பகுதி ஒரு விழுக்காட்டையும் எட்டாது என்பது மண்ணியலார் பலர் ஏற்கும் மதிப்பீடு. இரை சிறுசிறு திட்டுகளாக, மெல்லிய நீர்ப்படலத்தில், ஒன்றுக்கொன்று எட்டாத் தொலைவில் ஒட்டிக் கிடக்கிறது. நிமிடத்துக்குச் சில மைக்ரோமீட்டர் மட்டுமே நகரும் செல்கள் அத்தகைய திட்டு ஒன்றை வந்தடையும்போது பெரும்பாலும் ஒன்றாகவோ இரண்டாகவோதான் வரும் என்று கருதுகிறேன். பின்னால் கூட்டம் வரும்வரை அவை காத்திருந்ததாக இதுவரை எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.