ரெக்கார்ட் பிளேயரில் 'ம்ம்ம்' சத்தம்



அப்பாவின் ரெக்கார்ட் பிளேயரைப் பல வருடம் கழித்து எடுத்து வைத்தேன். பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஒரே ரீங்காரம். பழுது பார்க்க வந்தவர், "தூக்கிப் போடுங்க சார்" என்றார். மனம் வரவில்லை.

சாவி கொடுக்கும் கிராமபோனில் இந்தத் தொல்லை கிடையாது. 1877இல் எடிசன் செய்த கருவியைப் போலவே அதிலும் ஒலியைப் பெருக்க மின்சாரம் இல்லை. முள்ளின் அதிர்வு குழாய் வழியே நேராகக் காதுக்கு வரும். 1920களில் மின் பிக்கப் வந்தது. கூடவே வீட்டு மின்சாரமும் பாட ஆரம்பித்தது!

நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ரீங்காரத்தின் அடிச்சுருதி அதுதான். காந்த கார்ட்ரிட்ஜ் தருவதோ சில மில்லிவோல்ட். போதாக்குறைக்கு, 1954இல் அமெரிக்காவில் வந்த ஆர்.ஐ.ஏ.ஏ. முறைப்படி கீழ்ச்சுருதியைக் குறைத்துத் தட்டில் பதிவார்கள். இல்லாவிட்டால் பள்ளம் அகன்று, தட்டில் இடம் போதாது. கேட்கும்போது ஆம்ப்ளிஃபயர் அதைத் திரும்பப் பெருக்கும். நடுச்சுருதியைவிட 50 சுற்று ஒலி சுமார் 7 மடங்கு பெருகும். வெளியிலிருந்து நுழைந்த ரீங்காரத்துக்கும் அதே மரியாதை!

அதைத் தடுக்கத்தான் பிளேயருக்குப் பின்னால் மெல்லிய எர்த் ஒயர் ஒன்று இருக்கிறது. நம் வீட்டில் அது கழன்று கிடந்தது. ஆம்ப்ளிஃபயர் திருகில் மாட்டி முறுக்கினேன்.

அப்பாவின் நாதஸ்வரத் தட்டை நேற்று இரவு முழுதாகக் கேட்டேன்.