ஐ.என்.எஸ். மைசூர்: 'ஃபிஜி' வகை குரூசர் ஒன்றின் 45 ஆண்டு வரலாறு

திலக் நகர் (மும்பை): திலக் நகரிலிருந்து ஹார்பர் வழித்தட மின்சார ரயிலில் தென் மும்பைக்குச் செல்வோர் டாக்யார்ட் ரோடு நிலையத்தைக் கடக்கின்றனர். அதன் அருகிலுள்ள மசகான் கப்பல் கட்டுந்தளத்தில் உருவான நாசகாரிக் கப்பல் ஐ.என்.எஸ். மைசூர், 1999 ஜூன் 2 அன்று கடற்படையில் சேர்க்கப்பட்டது. இப்பெயரை முதலில் தாங்கியது, பிரிட்டனில் கட்டப்பட்டு, இரண்டாம் உலகப் போரில் பங்கேற்ற பின் இந்தியாவுக்கு வந்த இலகுரக குரூசர் ஒன்றாகும்.

இலகுரக குரூசர் என்பது என்ன?

நாசகாரிக் கப்பலைவிடப் பெரியதும், கனரகப் பீரங்கிகள் கொண்ட பெரும் போர்க்கப்பலைவிடச் சிறியதும் வேகமானதுமான கப்பல் குரூசர் எனப்படும். 1930-ஆம் ஆண்டு லண்டன் கடற்படை உடன்படிக்கை, 6.1 அங்குலத்துக்கு மேற்படாத பீரங்கிகளைக் கொண்டவற்றைத் தனிப் பிரிவாக்கியது. அவையே இலகுரக குரூசர்கள் என அழைக்கப்பட்டன. தமிழர்களுக்கு இவ்வகைக் கப்பல் புதிதன்று. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைத் தாக்கி எரித்த ஜெர்மனியின் 'எம்டன்' கப்பலும் ஓர் இலகுரக குரூசரே.

பதினொரு கப்பல்கள்

1936-ஆம் ஆண்டின் இரண்டாவது லண்டன் உடன்படிக்கை குரூசர்களின் எடையை 8,000 டன்னாக வரையறுத்தது. அந்த வரம்பை மனத்திற்கொண்டு பிரிட்டன் வடிவமைத்ததே 'ஃபிஜி' வகை. மொத்தம் 11 கப்பல்கள் கட்டப்பட்டன. ஃபிஜி, கென்யா, மொரீஷியஸ், சிலோன் எனப் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளின் பெயர்களே அவற்றுக்குச் சூட்டப்பட்டன. ஃபிஜி 1941-இலும், டிரினிடாட் 1942-இலும் மூழ்கின. சிலோன், நியூஃபவுண்ட்லாந்து ஆகியவை பின்னாளில் பெரு நாட்டுக்கு விற்கப்பட்டன.

நைஜீரியாவாக இருந்த காலம்

எச்.எம்.எஸ். நைஜீரியா 1939 ஜூலை 18 அன்று நீரில் இறக்கப்பட்டு, 1940 செப்டம்பரில் பணியில் சேர்ந்தது. 1941 ஜூனில் ஆர்க்டிக் கடற்பகுதியில் 'லாவன்பர்க்' என்ற ஜெர்மன் வானிலைக் கப்பலைக் கைப்பற்றிய அணியில் இது இடம்பெற்றது. அக்கப்பலில் கிடைத்த ஆவணங்கள், ஜெர்மனியின் 'எனிக்மா' சங்கேதச் செய்திகளை வாசிக்க உதவின.

1942 ஆகஸ்ட் 12 அன்று, முற்றுகையில் வாடிய மால்டா தீவுக்குப் பொருள்கள் ஏற்றிச் சென்ற கப்பல்களுக்குக் காவலாகச் சென்றபோது, இத்தாலிய நீர்மூழ்கியான 'ஆக்ஸம்' செலுத்திய டார்பிடோ நைஜீரியாவைத் தாக்கியது. 52 பேர் உயிரிழந்தனர். எனினும் கப்பல் மூழ்கவில்லை.

இந்தியக் கொடியின் கீழ்

இந்தியா 1954-இல் இக்கப்பலை வாங்கியது. பர்க்கன்ஹெட் நகரில் புதுப்பிக்கப்பட்டு, 1957 ஆகஸ்ட் 29 அன்று ஐ.என்.எஸ். மைசூர் என்ற பெயரில் பணியைத் தொடங்கியது. தொடக்கத்தில் 12 ஆக இருந்த 6 அங்குலப் பீரங்கிகள், ஒரு கோபுரம் முன்னரே அகற்றப்பட்டிருந்ததால் 9 ஆகக் குறைந்திருந்தன. இந்தியக் கடற்படையின் இரண்டாவது குரூசர் இது. முன்னதாக 1948-இல் வந்த ஐ.என்.எஸ். டெல்லி, 'லியாண்டர்' வகையைச் சேர்ந்தது. 1939-இல் நடைபெற்ற பிளேட் நதிமுகப் போரில் 'அக்கிலீஸ்' என்ற பெயரில் பங்கேற்றது.

1961 டிசம்பரில் நடைபெற்ற கோவா விடுதலை நடவடிக்கையில் இரு குரூசர்களும் ஈடுபட்டன. அஞ்சதீவில் வீரர்கள் தரையிறங்கியபோது மைசூர் துணை நின்றது. அத்தீவில் கடற்படை வீரர்கள் 7 பேர் உயிரிழந்தனர். டெல்லி, டையூவில் போர்த்துகீசிய நிலைகள் மீது குண்டு வீசியது.

1971: பீரங்கியும் ஏவுகணையும்

மைசூரின் முதல் இந்தியக் கேப்டன் எஸ்.எம். நந்தா, கராச்சித் துறைமுகத்தையொட்டிய மனோராவில் வளர்ந்தவர். 1971 போரின்போது அவரே கடற்படைத் தலைமைத் தளபதி. அவர் முதலில் வழிநடத்திய மைசூர், ரியர் அட்மிரல் இ.சி. குருவில்லாவின் தலைமையில் மேற்குக் கடற்படை அணியின் தலைமைக் கப்பலாக அரபிக் கடலில் இருந்தது.

ஆனால் டிசம்பர் 4 இரவு கராச்சியைத் தாக்கியது அதன் பீரங்கிகள் அல்ல. நிபாத், நிர்காத், வீர் என்னும் மூன்று சிறிய ஏவுகணைப் படகுகளே பாகிஸ்தானின் 'கைபர்' நாசகாரிக் கப்பலை மூழ்கடித்தன. பெரும் பீரங்கிக் கப்பல்களின் காலம் முடிந்துவருவதை அந்த இரவு உணர்த்தியது.

பயிற்சிக் களம்

ஆயினும் இக்குரூசர்களின் பயன் பீரங்கிகளோடு முடியவில்லை. பெருங்கப்பலை இயக்கவும் பல கப்பல்கள் கொண்ட அணியை நடத்தவும் இளம் கடற்படை இவற்றில்தான் கற்றது. பணியின் கடைசிக் காலத்தில் மைசூர் பயிற்சிக் கப்பலாகவே விளங்கியது. டெல்லி 1978 ஜூன் 30 அன்றும், மைசூர் 1985 ஆகஸ்ட் 20 அன்றும் ஓய்வு பெற்றன.

1997-இல் டெல்லி, 1999-இல் மைசூர் என அதே பெயர்களில் புதிய கப்பல்கள் கடலுக்கு வந்தன. முதலிரண்டும் அயல்நாட்டிலிருந்து வாங்கப்பட்டவை. பின்னிரண்டும் மும்பையிலேயே கட்டப்பட்டவை.