கடல்நீரின் பருவங்கள்

நிலத்தில் பருவம் மாறுவதைத் தளிரும் சருகும் அறிவித்துவிடுகின்றன. கடல்நீரில் வாழும் பாக்டீரியாக்களுக்கும் பருவம் உண்டு என்பதை அறிய, தலைமுறை கடந்த பொறுமை வேண்டியிருந்தது.

இங்கிலாந்தின் பிளிமத் நகரில் 1888ஆம் ஆண்டு கடலுயிர் ஆய்வுக்கூடம் ஒன்று திறக்கப்பட்டது. 1903 முதல் அதன் ஆய்வாளர்கள் ஆங்கிலக் கால்வாயில் 'இ1' எனப்பெற்ற இடத்தில் நீரின் வெப்பத்தையும் உப்பையும் அளந்து எழுதிவந்தனர். போர்க்காலங்களில் தடைப்பட்ட அப்பணி, 1980களின் பிற்பகுதியில் நின்று, 2002இல்தான் மீண்டது. விடுபட்ட ஆண்டுகளை இனி எவராலும் அளக்க இயலாது.

நல்வேளையாக, கரைக்கு அண்மையிலுள்ள 'எல்4' என்னுமிடத்தில் 1988 முதல் வாரந்தோறும் மிதவையுயிர்களைத் திரட்டி ஆராய்ந்துவந்தனர். பாக்டீரியாக்களோ நெடுங்காலம் கணக்கில் வரவில்லை. ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில் ஏறத்தாழப் பத்து இலட்சம் வாழினும், பெரும்பாலானவை ஆய்வுக்கூடத் தட்டுகளில் வளர்வதில்லை. 2003 முதல் 2008 வரை அங்கே திங்கள்தோறும் எடுத்த நீரிலிருந்து அவற்றின் மரபணுக்களைப் படித்தபோதே உண்மை வெளிப்பட்டது. குளிர்காலந்தோறும் இனவகை பெருகிற்று; கோடையில் குறைந்தது. அம்மாற்றத்தோடு மிக நெருங்கிப் பொருந்தியது நீரின் வெப்பமன்று, பகற்பொழுதின் நீளமே.

ஓராண்டு ஆய்வில் இது தற்செயலாகவே தோன்றியிருக்கும். ஆறாண்டுகள் மீண்டும் மீண்டும் நிகழ்ந்ததாலேயே ஒழுங்கெனத் தெளிந்தது. 1903இல் குறிப்பேட்டைத் திறந்தவர்கள் இம்முடிவைக் காணவில்லை. பயனைத் தாம் காணாவிடினும் பதிவைக் கைவிடாதிருத்தலே அறிவியலுக்கு அடித்தளம் என்பதை அவர்தம் உழைப்பு உணர்த்துகின்றது.