மானியம் முந்தியது, பூட்டு பிந்தியது: அமெரிக்க மருத்துவப் பதிவேடுகள் கணினிக்கு மாறிய வரலாறு

முன்னுரை

அமெரிக்க மருத்துவமனைகளில் நோயாளிக் குறிப்புகள் காகிதத்திலிருந்து கணினிக்கு ஏறிய வேகம் ஒன்று. அவற்றைக் காக்கும் ஏற்பாடுகள் வளர்ந்த வேகம் வேறொன்று. இந்த இடைவெளி தற்செயலானதன்று, அரசு எதற்குப் பணம் கொடுத்தது என்பதன் விளைவு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தயக்கக் காலம்

பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் மருத்துவத் தரவுகளைக் கையாளவென்றே ‘மம்ப்ஸ்’ என்ற நிரல்மொழி 1960களின் பிற்பகுதியில் உருவானது. இன்று மருத்துவ மின்பதிவு மென்பொருள் சந்தையில் முதலிடத்தில் உள்ள எபிக் நிறுவனத்தை ஜூடித் ஃபாக்னர் 1979இல் தொடங்கினார். தொழில்நுட்பம் இருந்தும் வாங்குவோர் குறைவு. ஆய்வாளர் ஆஷிஷ் ஜா குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, எல்லாப் பிரிவுகளையும் தழுவிய மின்பதிவு முறை 1.5 விழுக்காடு மருத்துவமனைகளில் மட்டுமே இருந்தது. அடிப்படை முறை கொண்டவை மேலும் 7.6 விழுக்காடு. செலவு மருத்துவருடையது, ஆதாயத்தின் பெரும்பகுதி காப்பீட்டாளருடையது என்ற நிலையே தயக்கத்துக்கு முக்கியக் காரணம்.

மானியக் காலம்

2009 பிப்ரவரியில் நிறைவேறிய ஹைடெக் சட்டம் இந்தக் கணக்கை மாற்றியது. மின்பதிவை விதிப்படி பயன்படுத்திய மருத்துவருக்கு, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் வழியாக 44,000 டாலர் வரை ஊக்கத்தொகை கிடைத்தது. பயன்படுத்தாதோருக்கு மெடிகேர் தரும் கட்டணம் 2015 முதல் குறைக்கப்பட்டது. அந்த ஆண்டுக்குள் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் சான்று பெற்ற மென்பொருளை வாங்கிவிட்டன.

பாதுகாப்பு அடியோடு மறக்கப்படவில்லை. 1996இன் ஹிப்பா சட்டத்தின்கீழ் வந்த மருத்துவத் தரவுப் பாதுகாப்பு விதி 2005 முதல் நடப்பில் இருந்தது. ஊக்கத்தொகை பெறவும் ஆபத்து மதிப்பீடு ஒன்றைச் செய்தாக வேண்டும். ஆனால் தரவை மறைகுறியாக்குவதை அந்த விதி கட்டாயமாக்காமல், நிறுவனத்தின் மதிப்பீட்டுக்கு விட்டது. மென்பொருளுக்குப் பரிசு இருந்தது. பூட்டுக்கு, மீறினால் அபராதம் மட்டுமே இருந்தது.

விலை கொடுத்த காலம்

காகிதக் கோப்பைத் திருடுபவன் ஓர் அலமாரியைத்தான் தூக்க முடியும். தரவுத்தளம் அப்படியன்று. 2015இல் ஆந்தம் காப்பீட்டு நிறுவனத்தில் ஏறத்தாழ 7.88 கோடிப் பேரின் விவரங்கள் களவுபோயின. 2016இல் லாஸ் ஏஞ்சலிஸின் ஹாலிவுட் பிரஸ்பிட்டீரியன் மருத்துவமனை, இணையத் தாக்குதலில் முடக்கப்பட்ட கணினிகளை மீட்க 40 பிட்காயின், அதாவது ஏறக்குறைய 17,000 டாலர் கொடுத்தது.

சந்தை சில பெருநிறுவனங்களிடம் குவிந்தபோது ஆபத்தும் குவிந்தது. 2024 பிப்ரவரியில் காப்பீட்டுக் கோரிக்கைகளைக் கையாளும் சேஞ்ச் ஹெல்த்கேர் தாக்கப்பட்டதும், நாடெங்கும் மருந்தகங்களும் மருத்துவமனைகளும் பணம் பெற முடியாமல் திணறின. பாதிக்கப்பட்டோர் சுமார் 19 கோடி. நிறுவனம் கொடுத்த பணயத்தொகை 2.2 கோடி டாலர். தாக்கியவர்கள் நுழைந்த வாயிலில் கடவுச்சொல்லுக்கு மேல் இரண்டாம் சரிபார்ப்பு இல்லை என்று தாய் நிறுவனமான யுனைடெட்ஹெல்த்தின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி ஆண்ட்ரூ விட்டி செனட் குழுவிடம் ஒப்புக்கொண்டார்.

முடிவுரை

மறைகுறியாக்கத்தையும் பலகட்டச் சரிபார்ப்பையும் கட்டாயமாக்கும் விதித் திருத்தத்தை அமெரிக்கச் சுகாதாரத் துறை 2025 ஜனவரியில்தான் முன்மொழிந்தது. முதலாண்டுச் செலவு மட்டும் சுமார் 900 கோடி டாலர் என்பது அத்துறையின் கணிப்பு. 2009 சட்டத்தில் மென்பொருளுக்குக் கிடைத்ததுபோன்ற மானியம் எதுவும் அந்த முன்மொழிவில் இல்லை.