கமோஓஅலேவா: பூமியோடு நடக்கும் கல்

கமோஓஅலேவா சூரியனைச் சுற்றிவரும் ஒரு சிறுகோள். சிறுகோள் பட்டியலில் அதன் எண் 469219. குறுக்களவு 40 முதல் 100 மீட்டருக்குள் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். பூமிக்கு அருகே வந்துபோகும் பல்லாயிரம் சிறுகோள்களில் இந்த அளவுள்ள கல்லை யாரும் தனியாகக் கவனிக்க மாட்டார்கள். கவனிக்க வைத்தது அதன் பாதை. மற்றவை பெரும்பாலும் வந்த வேகத்தில் விலகிப் போகின்றன, இது போவதில்லை. சூரியனை ஒருமுறை சுற்றிவர இதற்கும் ஏறத்தாழ ஓர் ஆண்டுதான் ஆகிறது. அதனால் ஆண்டு முழுவதும் பூமியின் பக்கத்திலேயே இருக்கிறது.

ஹவாயின் மாவி தீவில், ஹலேயாகலா எரிமலை உச்சியில் உள்ள பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி 2016 ஏப்ரல் 27 அன்று இதைக் கண்டது. 2016 எச்.ஓ.3 என்ற தற்காலிகக் குறியீடு கிடைத்தது. பழைய வான்படங்களைத் தேடிப் பார்த்தபோது 2004-இல் எடுத்த படங்களிலும் இந்தப் புள்ளி இருந்தது. பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் எடுத்த பதிவுகள் இருந்தால் பாதையைத் துல்லியமாகக் கணக்கிடலாம். கணக்கு முடிந்தபோதுதான் கையில் கிடைத்திருப்பது எவ்வளவு அரிய பொருள் என்று புரிந்தது.

பூமியின் பாதை கிட்டத்தட்ட வட்டம். சூரியனிலிருந்து அதன் தூரம் 15 கோடி கிலோமீட்டர். கமோஓஅலேவாவின் பாதை அதைவிடச் சற்று நீண்ட வட்டம். ஒரு முனையில் சூரியனிலிருந்து 13.4 கோடி கிலோமீட்டர் வரை நெருங்கும், மறுமுனையில் 16.5 கோடி வரை விலகும். சூரியனுக்கு அருகே இருக்கும்போது வேகம் கூடும், பூமியை முந்தும். தூரத்தில் இருக்கும்போது வேகம் குறையும், பின்தங்கும். கோயில் பிரகாரத்தை இருவர் சேர்ந்து வலம் வருவதாக வைத்துக்கொள்வோம். ஒருத்தி சீராக நடக்கிறாள். கூட வருபவன் உட்புறமாகப் புகுந்து விரைந்து முந்துகிறான், பிறகு வெளிப்புறமாக ஒதுங்கித் தயங்கிப் பின்தங்குகிறான். நடப்பவளின் கண்ணுக்கு அவன் தன்னையே சுற்றுவதுபோல் இருக்கும். உண்மையில் இருவரும் வலம் வருவது கருவறையைத்தான்.

இப்படிப்பட்ட பொருளுக்குப் போலித் துணைக்கோள் என்று பெயர். நிலவைப் பூமியின் ஈர்ப்பு கட்டிவைத்திருக்கிறது. இந்தக் கல்லை அப்படிக் கட்டவில்லை. பூமியின் பிடி வலுவாக இருப்பது சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் வரைதான். கமோஓஅலேவா நிலவின் தூரத்தைப்போல் 38 மடங்குக்கு உள்ளே வருவதில்லை, அதாவது ஏறத்தாழ ஒன்றரைக் கோடி கிலோமீட்டர். ஆகவே மோதும் அச்சமும் இல்லை. ஆனாலும் பூமிக்கு இதில் பங்கு உண்டு. கல் சிறிது சிறிதாக முன்னாலோ பின்னாலோ நழுவும்போது பூமியின் மெல்லிய இழுப்பு அதைத் திருப்பிவிடுகிறது. அதனால் நிலவின் தூரத்தைப்போல் 100 மடங்குக்கு அப்பால் அது போவதில்லை. பாதை ஏறக்குறைய எட்டு பாகை சாய்ந்திருப்பதால் பூமியின் தளத்துக்கு மேலும் கீழுமாகவும் ஏறி இறங்குகிறது. இந்த நடை ஏறத்தாழ நூறாண்டாக நடக்கிறது. இன்னும் சில நூற்றாண்டுகள் தொடரும்.

இதற்கு முன்பும் இத்தகையவை அறியப்பட்டிருந்தன. 2003 ஒய்.என்.107 என்ற சிறு கல் சுமார் பத்தாண்டு பூமியோடு இருந்துவிட்டு 2006-இல் விலகியது. நிலைத்து நிற்பதில் கமோஓஅலேவாவுக்கு அது ஈடாகாது.

பெயர் 2019-இல் வந்தது. ஹவாய் மொழியில் பயிலும் மாணவர்களும் மொழியறிஞர்களும் சேர்ந்து, ஹவாய் மக்களின் படைப்புப் பாடலான குமுலிப்போவிலிருந்து அதை எடுத்தார்கள். ஊசலாடும் துண்டு என்பது பொருள். பாதையைப் பார்த்து ஊசலாடுவது என்றார்கள், அது பொருந்தியது. துண்டு என்ற சொல்லுக்குள்ள பொருத்தம் இரண்டு ஆண்டு கழித்துத்தான் தெரியவந்தது.

இந்தக் கல் மிக மங்கலானது. ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரலை ஒட்டிய சில வாரங்களில்தான் பெரிய தொலைநோக்கிகளுக்குச் சரியாக அகப்படும். அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த பென் ஷார்க்கியும் அவருடைய வழிகாட்டி விஷ்ணு ரெட்டியும், அது எதிரொளிக்கும் சூரிய ஒளியின் நிறமாலையைப் பதிவு செய்தார்கள். வழக்கமான சிறுகோள்களின் நிறமாலையோடு அது ஒத்துப்போகவில்லை. மீண்டும் பார்க்க 2020 ஏப்ரலை எதிர்பார்த்திருந்தபோது பெருந்தொற்றால் அவர்கள் பயன்படுத்திய தொலைநோக்கி மூடப்பட்டது. ஒரு முழு ஆண்டு காத்திருந்து 2021-இல் மறுபடி அளந்தார்கள். அப்பல்லோ 14 வீரர்கள் கொண்டுவந்த நிலவு மாதிரியின் நிறமாலையோடு அது நெருங்கிப் பொருந்தியது. அப்படியானால் இது நிலவிலிருந்து பெயர்ந்த துண்டாக இருக்கலாம்.

பாதையும் அதற்குச் சாட்சி சொல்கிறது. தொலைவிலிருந்து வரும் சிறுகோள் பூமியைப் பெரும் வேகத்தில் கடக்கும். இதுவோ பூமியை ஒப்பிட மெதுவாகவே நகர்கிறது. நிலவில் பெரிய கல் விழும்போது சிதறும் துண்டுகளில் ஒரு சில இப்படிப்பட்ட பாதையில் போய்ச் சேர முடியும் என்று ஆய்வாளர் ரேணு மல்ஹோத்ராவின் குழு 2023-இல் கணக்கிட்டுக் காட்டியது. மறு ஆண்டு வேறொரு குழு பிறந்த இடத்தையே குறிப்பிட்டது: நிலவின் மறுபக்கத்தில் 22 கிலோமீட்டர் அகலமுள்ள ஜியார்டானோ புரூனோ பள்ளம். அது ஒரு கோடி ஆண்டுக்குள் உண்டான இளம் பள்ளம். எல்லோரும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள சிறுகோள் பட்டையிலிருந்தும் வந்திருக்கலாம் என்ற வாதம் இன்னும் உயிரோடிருக்கிறது.

வழக்கைத் தீர்க்கக் கல்லைக் கையில் எடுத்தாக வேண்டும். சீனாவின் தியான்வென்-2 விண்கலம் 2025 மே 29 அதிகாலை ஷிசாங் ஏவுதளத்திலிருந்து அதற்காகவே புறப்பட்டது. வேலை எளிதல்ல. கமோஓஅலேவா சுமார் 28 நிமிடத்துக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றுகிறது. ஈர்ப்பும் மிகமிகக் குறைவு. வெறுமனே இறங்கி நிற்க முடியாது. கொஞ்ச நேரம் தொட்டு மாதிரியை அள்ளிக்கொண்டு விலகுவது ஒரு முறை. கைகளால் துளைத்துப் பற்றிக்கொள்வது இன்னொரு முறை. மாதிரி 2027 இறுதியில் பூமிக்கு வர வேண்டும் என்பது திட்டம். சாங்கே-5, சாங்கே-6 கலங்கள் நிலவின் இருபுறமிருந்தும் கொண்டுவந்த மண் சீன ஆய்வுக்கூடங்களில் ஏற்கெனவே இருக்கிறது. பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். மாதிரி உள்ள பெட்டகத்தைப் பூமியில் போட்டுவிட்டு, விண்கலம் 311பி என்ற வால் முளைத்த சிறுகோளை நோக்கிப் போகும்.