‘அல்லது’ என்னும் இணைப்பின் பொருள்: அளவையியல் வரலாற்றில் ஒரு கருத்து வேறுபாடு

இரண்டு தனிக்கூற்றுகளை ‘அல்லது’ என்பதனால் இணைப்பின் உறழ்வுக் கூற்று பிறக்கிறது. அவற்றுள் ஒன்று மட்டும் மெய்யாயின் முழுக்கூற்றும் மெய் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. இரண்டும் மெய்யாகும் இடத்திலேயே ஐயம் எழுகிறது. ‘இன்று திங்கள் அல்லது செவ்வாய்’ என்பதில் ஒன்று மற்றொன்றை விலக்குகிறது. ‘தமிழ் அல்லது வடமொழி அறிந்தோர் விண்ணப்பிக்கலாம்’ என்பதிலோ இரண்டும் அறிந்தோர் விலக்கப்படுவதில்லை. முன்னதை விலக்குறழ்வு என்றும் பின்னதை உள்ளடக்குறழ்வு என்றும் குறிக்கலாம்.

பண்டைக் கிரேக்கம்

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரைசிப்பசு முதலிய தோயிக்கர் விலக்குறழ்வையே அடிப்படையாகக் கொண்டனர். ‘முதலாவது அல்லது இரண்டாவது, முதலாவது உண்மை, ஆகவே இரண்டாவது இல்லை’ என்பது அவர்தம் அடிப்படை அனுமானங்களுள் ஒன்று. உள்ளடக்குறழ்வில் இம்முடிவு பிழையாகும். தமிழ் அறிந்தவர் என்பதனால் ஒருவர் வடமொழி அறியார் எனத் துணிதல் இயலாதன்றோ? எனவே இணைப்பின் பொருளை வரையறுத்த பின்னரே அனுமானத்தின் செம்மையை அறுதியிட முடியும்.

பூலும் செவான்சும்

இவ்வையம் கணித வடிவில் எழுந்தது 19ஆம் நூற்றாண்டில் ஆகும். அயர்லாந்தின் கார்க் நகரில் கணிதப் பேராசிரியராக விளங்கிய சார்சு பூல் 1854இல் வெளியிட்ட ‘சிந்தனை விதிகள்’ பற்றிய நூலில், தம்முள் பொது உறுப்பு இல்லாத வகுப்புகளையே கூட்டற்குறியால் இணைத்தார். தமிழ் அறிந்தோர் 10 பேர், வடமொழி அறிந்தோர் 6 பேர், இரண்டும் அறிந்தோர் 4 பேர் எனக் கொள்வோம். நேரே கூட்டின் 16 வரும்; ஆயின் உள்ளவர் 12 பேரே. ஆதலின் தமிழ் அறிந்தோருடன், தமிழ் அறியாது வடமொழி மட்டும் அறிந்த இருவரைக் கூட்டுவதே பூலின் முறை. இம்முறையால் இருவகை உறழ்வையும் அவர் குறிக்க முடிந்தது என்பது கருதத்தக்கது.

வில்லியம் இசுடான்லி செவான்சு இதனை மறுத்தார். ஒரு பெயரை இருமுறை கூறுவதனால் பொருள் மிகுவதில்லை; ஆகவே அ + அ = அ என்பதே அளவையியலுக்குரிய விதி என்றார். 1863, 1864ஆம் ஆண்டுகளில் இருவரிடையே கடிதப் போக்குவரத்து நிகழ்ந்தது. பூல் இசையவில்லை. இருபுறமும் அ-வைக் கழித்தால் அ = 0 என்றாகும்; கழித்தலை உடன்கொண்ட அவர்தம் இயற்கணிதத்தில் இவ்விதிக்கு இடமில்லை. 1864இல் செவான்சின் ‘தூய அளவையியல்’ வெளிவந்தது. அவ்வாண்டு இறுதியிலேயே பூல் மறைந்தார்.

பின்னை வளர்ச்சி

1867இல் பியர்சும், 1877இல் சுரோடரும் உள்ளடக்குறழ்வையே கூட்டலாகக் கொண்டனர். 1879இல் பிரேகெ இருபொருளையும் வேறுபடுத்திக் காட்டி, உள்ளடக்குறழ்வே முதன்மையானது என்றார். 1910இல் வைட்டெடும் இரசலும் வெளியிடத் தொடங்கிய ‘பிரின்சிபியா மேத்தமேட்டிக்கா’ அதனை நிலைபெறச் செய்தது. கழித்தலின் எளிமை இழக்கப்பட்டது உண்மையே. எனினும், ‘அ அல்லது ஆ’ என்பதன் மறுப்பு ‘அ-வும் அன்று, ஆ-வும் அன்று’ என்றாகும் தெ மார்கனின் விதி இதனோடு செவ்வனே பொருந்துகிறது. இன்றைய மெய்ம்மை அட்டவணையின் நான்கு நிரைகளுள், இரண்டும் பொய்யாகும் நிரையில் மட்டுமே உறழ்வுக் கூற்று பொய்யாகிறது.

முடிவுரை

தமிழில் ‘அல்லது’ என்னும் சொல் ‘அல்’ என்னும் எதிர்மறை அடியிற் பிறந்தது. பிறப்பு நோக்கின் விலக்குப் பொருளுக்கு அணுக்கமாகத் தோன்றினும், வழக்கில் அது இருபொருட்கும் உரியதாகவே நிற்கிறது. விதிகளும் ஒப்பந்தங்களும் வரைவோர், இரண்டும் பொருந்தும் நிலையில் முடிவு யாது என்பதைத் தெளிவுறக் கூறாவிடின், பூலும் செவான்சும் முரண்பட்ட அதே இடத்தில் படிப்போரும் முரண்பட நேரும். சொல்லின் பிறப்பன்று, வரையறையே அனுமானத்திற்கு அடிப்படை என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.