கருத்துருக் கலை ஒளிப்படங்களில் பச்சை குத்திய தோல்

கருத்துருக் கலைஞர்கள் எடுத்த பச்சை குத்திய உடல்களின் படங்களில் சித்திர வேலைப்பாட்டுக்கு அதிக இடமில்லை. யார் உடலில் யார் குறி இட்டார், அதற்கு என்ன கொடுத்தார் என்பதே அவற்றின் பொருள்.

ஆஸ்திரியக் கலைஞர் வாலி எக்ஸ்போர்ட் 1970இல் பிராங்க்ஃபர்ட் நகரில் தம் தொடையில் காலுறைப் பட்டி ஒன்றைப் பச்சை குத்திக்கொண்டார். ஆண்களின் பார்வைக்கு விருந்தாகக் கருதப்பட்ட அணி, கழற்ற முடியாத அடிமைக் குறியாக மாறி ஒளிப்படத்தில் பதிந்தது. உடலும் அவருடையது, முடிவும் அவருடையது. சீனக் கலைஞர் சியூ ஜிஜியே 1994இல் எடுத்த படத்தில் ஊசிக்கே வேலையில்லை. மறுப்பைக் குறிக்கும் சீன எழுத்து ஒன்றைத் தம் வெற்றுடம்பிலும் பின்னாலிருந்த சுவரிலும் தொடர்ச்சியாகச் சிவப்பில் தீட்டிவிட்டு, படத்துக்குப் 'பச்சை' என்று பெயரிட்டார்.

இவ்வகையில் மிகுந்த சர்ச்சைக்கு உள்ளானவர் சாந்தியாகோ சியேரா (பிறப்பு: மாட்ரிட், 1966). 1999 டிசம்பரில், ஹவானாவின் எஸ்பாசியோ அக்லுட்டினாடோர் கலைக்கூடத்தில், வேலையில்லாத ஆறு இளைஞர்களுக்குத் தலைக்கு 30 டாலர் கொடுத்து வரிசையாக நிறுத்தினார். அவர்கள் முதுகுகளின் குறுக்கே 250 செ.மீ. நீளக் கோடு ஒன்று குத்தப்பட்டது. கருப்பு வெள்ளைப் படத்தில் முதுகுகள்தான் தெரிகின்றன. ஆறு பேரும் அதே வரிசையில் நின்றால்தான் கோடு முழுமை பெறும். எனவே முழுக்கோடு படத்தில் மட்டுமே இருக்கிறது. வீடு திரும்பியவர்களுக்கு மிஞ்சியது ஆளுக்குச் சுமார் 40 செ.மீ. கீற்று.

மறு ஆண்டு ஸ்பெயினின் சலமாங்காவில், ஹெராயினுக்கு அடிமையான நான்கு பாலியல் தொழிலாளர்களின் முதுகில் 160 செ.மீ. கோடு குத்தப்பட்டது. கூலி, ஒருமுறை ஏற்றிக்கொள்ளும் ஹெராயினின் விலையான 12,000 பெசெட்டா. இந்நிகழ்வின் காணொளி இன்று பிரிட்டனின் டேட் அருங்காட்சியகத் தொகுப்பில் உள்ளது.

தாம் கண்டிக்கும் சுரண்டலையே சியேராவும் செய்கிறார் என்பது விமர்சகர்களின் குற்றச்சாட்டு. பச்சையைக் குறைசொல்ல வேண்டாம், இதற்கு ஆள் கிடைக்கும் சமூக நிலையைக் கேளுங்கள் என்பது அவர் தரப்பு வாதம். வாதம் வலுவானதே. கொடுத்த கூலியையும் அவர் ஒளிக்கவில்லை. ஹவானா படைப்பின் தலைப்பே அவர்களைக் கூலி பெற்றவர்கள் என்றுதான் சொல்கிறது. ஆனால் ஊர், மாதம், நீளம், தொகை எல்லாம் பதிவான இடத்தில் அந்த அறுவரின் பெயர்கள் இல்லை.